பிரேக் தொட்டாலே பிடிக்குது, இந்த வண்டியில ஹீல் அண்ட் டோ எப்படிப் பழகறது?

கேத்திப்பள்ளம்

வணக்கம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவுல கேத்தியில இருக்கேன். சித்தப்பா தொண்ணூறுகள்ல வெளிநாட்டு வேலையை முடிச்சுட்டு வரும்போது கொண்டுவந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 இப்ப ஆறு மாசமா என் கையில. ரெண்டு பேர் உட்காரலாம், அஞ்சு கியர், பின்சக்கரம் தள்ளுற வண்டி, ஏபிஎஸ் கிடையாது. இதுக்கு முன்னாடி பத்து வருஷம் ஜீப்பும் ஆல்ட்டோவும்தான் ஓட்டினேன்.

போன மாசம் ஒருநாள் காலையில கோத்தகிரி ரோட்டுல போறேன். ராத்திரி பெய்ஞ்ச மழையில கற்பூர மரத்து இலையெல்லாம் ரோட்டோட ஒட்டிக் கிடந்துச்சு. இறக்கத்துல ஒரு வளைவு. மூணுல இருந்து ரெண்டுக்குத் தட்டி, ரேஸ் எதுவும் குடுக்காம கிளட்சை விட்டுட்டேன். வேகம் நாப்பத்தஞ்சுதான். பின்பக்கம் ஒரு அடி பக்கவாட்டுல நகர்ந்து, அப்புறம் பிடிச்சுச்சு. எதிர்ல யாரும் வரல. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்னைல இருந்து ஹீல் அண்ட் டோ பழகறேன். தெரியாதவங்களுக்கு: வலது கால் பிரேக்கை விடாம, அதே காலோட ஓரத்தால ஆக்சிலேட்டரைத் தட்டி இன்ஜின் சுத்தை ஏத்திட்டு, அப்புறம் கியரைக் குறைச்சு கிளட்சை விடறது. என் சிக்கல் பிரேக்லதான் இருக்கு. இந்த வண்டியில பெருவிரல் பட்டாலே வண்டியோட மூக்கு கீழ குத்துது. ரேஸ் குடுக்கக் காலை வலப்பக்கம் சாய்ச்சா பிரேக் இன்னும் அழுந்துது, பக்கத்துல இருக்கிற மனைவி தலை முன்னாடி போய்ட்டு வருது. பயந்து காலை இலகுவாக்கினா பிரேக் விட்டுப்போய் வண்டி ஓடுது. ஒரு மாசமா இதேதான். பிரேக் கூர்மையா இருக்கிற வண்டியில இதைப் பழகினவங்க யாராவது சொல்லுங்க.

வத்தலக்குண்டு ரோடு

தம்பி, நான் இருபத்திரண்டு வருஷமா கொடைக்கானல் மலை ஏறி இறங்கறவன். நேராவே சொல்லிடறேன். பெருமாள்மலையில இருந்து கீழ வரைக்கும் இந்த வித்தை எனக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்ல. ஏறின கியர்லயே இறங்கு, அவ்வளவுதான். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு, கியரைப் போட்டு, கிளட்சை மெதுவா விட்டா எதுவும் வழுக்காது. நீங்க வழுக்கினதுக்குக் காரணம் வளைவுக்குள்ள போனப்புறம் கியர் மாத்தினது. ரேஸ் ட்ராக் வேலையை பஸ்ஸும் லாரியும் பள்ளிக்கூட வேனும் வர்ற ரோட்டுல பழகாதீங்க.

கேத்திப்பள்ளம்

அண்ணா, வளைவுக்கு முன்னாடிதான் மாத்தினேன், ஆனா ரொம்பக் கிட்டத்துல. அது என் தப்புதான், ஒத்துக்கறேன். ஒரு சந்தேகம். சமதளத்துல கிளட்சை மிதிச்சா வண்டி அப்படியே உருளும். இறக்கத்துல கிளட்சை மிதிச்ச உடனே வேகம் ஏறுதே? பிரேக்ல இருந்து காலை எடுத்து ரேஸ் குடுக்கப் போனா அந்த ஒரு நொடியில வண்டியை எதுவுமே பிடிக்கல. அப்ப மலையிலதானே ரெண்டு பெடலையும் ஒரே கால்ல வச்சிருக்கிற தேவை அதிகம்?

சேரன் பஸ் மகள்

மேட்டுப்பாளையத்துல இருந்து எழுதறேனுங்க. நீங்க கேட்ட கேள்வியை எங்கப்பாகிட்ட அப்படியே படிச்சுக் காட்டினேன். அவர் சேரன் போக்குவரத்துக் கழகத்துல சேர்ந்து, அது தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகத்தோட சேர்ந்தப்புறமும் ஊட்டி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். முட்டி வலியால இப்ப கார்கூட ஓட்டறதில்ல. ஆனா கல்லாறு ரயில்வே கேட்ல ஆரம்பிச்சு பர்லியார், காட்டேரி வரைக்கும் பதினாலு கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிட்டுச் சொல்லுவாருங்க.

அவர் சொன்னது: அந்தக்கால பஸ்ல கியர் பெட்டிக்குள்ள சிங்க்ரோமெஷ், அதாவது கியர் போடும்போது ரெண்டு பக்கச் சுத்தையும் தானா சமப்படுத்தற அமைப்பு, கிடையாது. பெரிய கியர்ல இருந்து சின்ன கியருக்கு வரணும்னா டபுள் கிளட்ச்தான். கிளட்ச் மிதி, நியூட்ரலுக்குக் கொண்டா, கிளட்சை விடு, ஒரு ரேஸ் குடு, மறுபடி மிதி, கியர் போடு. ரேஸ் அளவு தப்பினா பல் கடிக்கிற சத்தம் பஸ் முழுக்கக் கேக்கும். பயணிங்க திரும்பிப் பார்ப்பாங்க. இறக்கத்துல கியர் விழலைன்னா வண்டி நியூட்ரல்லயே ஓட ஆரம்பிச்சிடும். அப்புறம் எந்த கியரும் விழாது, வேகம் ஏற ஏற தேவைப்படற ரேஸும் ஏறிட்டே போகும். அதனால இறக்கம் தொடங்கறதுக்கு முன்னாடி, சமதளம் இருக்கிற இடத்துலயே கியரைக் குறைச்சுடுவாராம். காத்து பிரேக்கைத் தட்டித் தட்டி மிதிச்சா தொட்டியில காத்து இறங்கிடும்ங்கற பயமும் இருந்திருக்கு.

அதனால வத்தலக்குண்டு அண்ணன் சொல்றதும் சரி, நீங்க சொல்றதும் சரிங்கறார். முதல்ல கியரை முன்கூட்டியே போடப் பழகணும். அது தப்பிப்போற நாளுக்குத்தான் நீங்க கேக்கற வித்தை.

அப்புறம் உங்களுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்காருங்க: "பிரேக் மிதிக்கும்போது அந்தப் பையனோட குதிகால் எங்க நிக்குது?" பதில் போடுங்க, அவர் காத்துட்டிருக்கார்.

ரெட்லைன் கோவை

ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க. சரியான இடத்துல கை வச்சிருக்கார்.

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேல எட்டு வருஷமா ஓட்டறேன். 2.1 கிலோமீட்டர் ட்ராக், அடுத்தடுத்து வளைவு. ஒரு சுத்துக்குள்ளயே கியர் குறைக்கிற வேலை பலமுறை வரும். அங்க கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல எதுக்கு ரேஸ்னு புரியணும். உங்க வண்டியோட அந்தத் தலைமுறை அஞ்சு கியர் பெட்டியில, வெளிய வர்ற தண்டு ஒரு சுத்து சுத்த இன்ஜின் ரெண்டாம் கியர்ல 1.888 சுத்தும், மூணாம் கியர்ல 1.330 சுத்தும். வகுத்தா 1.42. நாப்பத்தஞ்சு வேகத்துல மூணாவதுல இன்ஜின் நிமிஷத்துக்குச் சுமார் 2,400 சுத்தும். அதே வேகத்துக்கு ரெண்டாவதுல 3,400 வேணும். அந்த ஆயிரம் சுத்தை நீங்க குடுக்கலைன்னா கிளட்ச் வழியா பின்சக்கரம்தான் இன்ஜினை இழுத்துச் சுத்தணும். இறக்கத்துல பிரேக் பிடிக்கும்போது வண்டி பாரமெல்லாம் முன்னாடி போயிடும், பின்சக்கரத்துக்கு ரோட்டுல பிடி குறைவு. அது மேல ஈர இலை வேற. நகராம என்ன பண்ணும்? சிங்க்ரோமெஷ் இருக்கேன்னு கேப்பாங்க. அது கிளட்ச் தட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற தண்டை மட்டும்தான் கியரோட சேர்த்து வைக்கும். இன்ஜின் பக்கத்தைச் சரிபண்றது உங்க கால்தான்.

ஹீல் அண்ட் டோங்கற பேரு ஏமாத்தும். அந்தக்காலத்துல சில வண்டிகள்ல ஆக்சிலேட்டர் நடுவுலகூட இருந்துச்சு, பெடல்களும் வேற மாதிரி, நிஜமாவே குதிகால் ஒண்ணுல விரல் ஒண்ணுல வைக்க முடிஞ்சுது. இப்ப குதிகாலை ஆக்சிலேட்டருக்குத் திருப்பப் பார்த்தா கணுக்கால் முறுக்கிக்கும், முறுக்கின காலால பிரேக்கை ஒரே அளவுல பிடிக்க முடியாது. பெருவிரல் அடிமேடு பிரேக்கோட வலது ஓரத்துல இருக்கணும். சுண்டுவிரல் பக்கத்துப் பாதம் ஆக்சிலேட்டர் மேல சும்மா தொங்கணும். ரேஸ் குடுக்கறது மிதிக்கிறது இல்ல, பாதத்தை உருட்டறது.

உங்க வண்டிக்குத் தனியா ஒண்ணு. பிரேக் மந்தமா இருக்கிற வண்டியில பாதம் உருளும்போது ரெண்டு கிலோ அழுத்தம் கூடினாலும் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு அதுவே மூக்கு குத்துது. அப்ப நீங்க பழக வேண்டியது ரேஸ் இல்ல, பிரேக் மேல கால் அசையாம இருக்கிறது. ரேஸை மறந்துடுங்க. ஒரு வாரம் வெறும் பிரேக் மட்டும் பழகுங்க. சமதளத்துல, ஆள் நடமாட்டம் இல்லாத தனியார் இடத்துல, நாப்பதுல இருந்து பத்துக்கு ஒரே அழுத்தத்துல கொண்டுவாங்க. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல பாதித் தண்ணி ஊத்தி, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல வண்டி நீளத்துக்குப் படுக்க வச்சுடுங்க. பிரேக் பிடிச்சா தண்ணி மட்டம் சாயும். சாய்ஞ்ச கோடு நடுங்காம அப்படியே நிக்கணும், அதுதான் பரீட்சை. அது வந்தப்புறம் அதே இடத்துல நியூட்ரல்ல பிரேக் பிடிச்சுக்கிட்டே ரேஸ் மட்டும் தட்டுங்க. அந்த நேரத்துல கோடு துள்ளினா உங்க கால் பிரேக்கையும் சேர்த்து மிதிக்குதுன்னு அர்த்தம். கியர் பத்தி அதுக்கப்புறம்தான் பேச்சு, அதுவும் முதல்ல நாலுல இருந்து மூணுக்கு. அந்த இடைவெளி சின்னது, தப்பினாலும் வண்டி மன்னிச்சிடும்.

இன்னொண்ணு. வீட்டு வாசல்ல இன்ஜினை அணைச்சுட்டு பெடல்ல பழகறவங்க நிறைய பேர். ரெண்டு மூணு மிதிக்கு மேல, பிரேக்கை இலகுவா மிதிக்க உதவுற பூஸ்டர்ல வெற்றிடம் தீர்ந்து பெடல் கல்லு மாதிரி ஆயிடும். அதுல கணுக்கால் அசைவு படியும், அழுத்தம் படியாது. இன்ஜின் ஓடும்போது அதே பலத்தைப் போட்டா கண்ணாடியில முட்டிக்குவீங்க.

ஒர்க்‌ஷாப் காந்திபுரம்

சகோதரா, பிரேக் பேட் யார் போட்டது, என்ன பேட்? பெட்டி இருந்தா போட்டோ போடுங்க. அந்த மாடல்ல பிரேக் கம்பெனியில இருந்து வர்றப்போ இவ்வளவு கூர்மையா இருக்காது. ஆரம்பப் பிடி அதிகமான ஸ்போர்ட்ஸ் பேட் யாரோ போட்டிருக்காங்கன்னு சந்தேகம்.

அடுத்தது, பிரேக் பெடலுக்கும் ஆக்சிலேட்டர் பெடலுக்கும் உயர வித்தியாசம் அளந்து சொல்லுங்க. சும்மா இருக்கும்போது வேண்டாம், நீங்க வழக்கமா பிடிக்கிற அளவுக்கு பிரேக்கை அமுக்கி வச்சுட்டு அளக்கணும். ரேஸ் ட்ராக்ல பலமா மிதிக்கிறதால பிரேக் பெடல் இறங்கி ஆக்சிலேட்டர் மட்டத்துக்கு வந்துடும். ரோட்டுல லேசா மிதிக்கிறோம், அதுலயும் உங்களுது தொட்டாலே பிடிக்கிற வண்டி, பெடல் மேலயே நின்னுடும். ஆக்சிலேட்டர் கீழ கிடக்கும். அதை எட்டறதுக்காகப் பாதம் ஆழமா உருள வேண்டியிருக்கு, உருளும்போது பிரேக் அழுந்துது. பாதிப் பிரச்சினை கால்ல இல்ல, இந்த இடைவெளியில.

பிரேக் ஆயிலும் பாருங்க. நீலகிரி ஈரத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தியே ஆகணும். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் குடிச்சுட்டா அந்த எல்லை 155-க்கு இறங்கிடும். குன்னூர்ல இருந்து இறங்கற வண்டிக்கு அது சாதாரண விஷயம் இல்ல.

கேத்திப்பள்ளம்

எல்லாருக்கும் நன்றி. சாயங்காலம் டார்ச் வச்சு உள்ள குனிஞ்சு பார்த்துட்டு எழுதறேன்.

ஐயா கேட்டதுக்கு நேர்மையான பதில்: குதிகால் எங்கயும் நிக்கல. வண்டித் தரையில விரிச்சிருக்கிற ரப்பர் விரிப்பை (மேட்) பார்த்தேன். பிரேக்குக்குக் கீழ ஒரு சாண் நீளத்துக்கு இழுவின தேய்மானம், பட்டையா, பளபளன்னு. ஒரு இடத்துலகூடக் குழி இல்ல. ஒவ்வொரு தடவையும் கால் முழுசும் அந்தரத்துல இருந்து வந்து பெடல் மேல இறங்கியிருக்கு. ஜீப் பழக்கம். அதுல கால் பாரத்தையே போட்டு மிதிக்கணும்.

பேட் பெட்டி கிடைச்சுது. ஒர்க்‌ஷாப் அண்ணன் சொன்ன மாதிரியே ஸ்போர்ட்ஸ் பேட். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கடையில மாத்தினப்போ சித்தப்பாகிட்ட எதுவும் சொல்லாம போட்டிருக்காங்க. உயர வித்தியாசம், பிரேக்கை அமுக்கின நிலையில, நாலு விரல்கடை.

சேரன் பஸ் மகள்

அப்பா சிரிச்சுட்டாருங்க, சந்தோஷத்துல. அவர் ஓட்டின பஸ்ல எல்லாம் ரப்பர் மேட்டுல கட்டைவிரல் அளவு குழி விழுந்திருக்குமாம். புது வண்டி குடுத்தா முதல் வேலையா குதிகால் உட்கார இடம் தேடுவாராம். "குதிகால் தரையில இருந்தா பாதம் மட்டும்தான் பேசும். தூக்கிட்டா தொடை பேசும். தொடைக்கு மெதுவா பேசத் தெரியாது." இதை அப்படியே போடச் சொன்னார், போட்டுட்டேன்.

சீட்டை எவ்வளவு தள்ளி வச்சிருக்கீங்கன்னும் கேக்கறார். கால் நீட்டி ஓட்டறவங்களுக்கு குதிகால் நிக்காதாம்.

வத்தலக்குண்டு ரோடு

இழையை முழுசாப் படிச்சேன். இறக்கத்துல கிளட்ச் மிதிச்சா வண்டி ஓடும்னு தம்பி சொன்னதுக்கு நான் பதில் சொல்லாம விட்டுட்டேன். அது நியாயமான பேச்சு. நானும் அந்த நொடியில பிரேக்லதான் காலை வச்சிருக்கேன், ரேஸ் குடுக்காம கிளட்சைத் தேய்ச்சு விடறேன். நாலு வருஷத்துக்கு ஒரு கிளட்ச் மாத்தறேன், காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

ஆனா ஒண்ணை விட்டுத்தர மாட்டேன். இந்த வித்தை கைவந்த உடனே வேகமா இறங்கத் தோணும். ஒரு கணக்கு போட்டேன். குன்னூர் 1,850 மீட்டர். மேட்டுப்பாளையம் சுமாரா 325. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் இறக்கம். ஆளோட சேர்த்து 1,100 கிலோ வண்டின்னா அந்த உயரத்துல இருக்கிற சக்தி 16 மெகாஜூல். நூறு கிலோமீட்டர் வேகத்துல இருந்து வண்டியை முழுசா நிறுத்தினா பிரேக் வாங்கிக்கிற சூடு 0.42 மெகாஜூல். அதாவது முப்பத்தெட்டு தடவை நூறுல இருந்து நிறுத்தற சூடு. காத்தும் டயர் உருள்றதும் கொஞ்சம் எடுத்துக்கும். மிச்சத்தை இன்ஜின் வாங்கலைன்னா பிரேக்தான் வாங்கணும். சீசன்ல கல்லாறு பக்கம் சக்கரத்துல புகையோட நிக்கிற வண்டிகளைப் பார்த்திருப்பீங்க. பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல இறங்கினவங்க, டாப் கியர்ல வந்தவங்க. அதுல சிலபேர் சக்கரத்து மேல தண்ணி ஊத்துவாங்க, டிஸ்க் கோணிடும். ஆறவிட்டுத்தான் எடுக்கணும். ரயிலுக்கே கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரத் தண்டவாளம் போட்டு, பெட்டிக்குப் பெட்டி பிரேக்மேன் வச்சு இறக்கறாங்க.

ஊட்டியில இருந்து மசினகுடி இறங்கற கல்லட்டி ரோட்டுல முப்பத்தாறு வளைவு இருக்கேன்னு அங்க பழகப் போயிடாதீங்க.

மஞ்சூர் மூடுபனி

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும், மத்தவங்களுக்கும் உதவும்னு சொல்றேன். புது வண்டிகள் பலதுல ஆக்சிலேட்டருக்குக் கேபிள் கிடையாது, எல்லாம் மின்னணு. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒண்ணா அமுங்கினா பாதுகாப்புக்காக இன்ஜின் சக்தியைக் கம்ப்யூட்டர் வெட்டிடும். என் ஹேட்ச்பேக்ல ரெண்டு மாசம் முயற்சி பண்ணி, காலையே குறை சொல்லிட்டிருந்தேன். வண்டி ரேஸை வாங்கவே இல்ல. உங்களுது கேபிள் வண்டி, கவலை இல்ல. வேற வண்டியில முயற்சி பண்றவங்க முதல்ல நிறுத்தி வச்சு பிரேக்கை அமுக்கிட்டு ரேஸ் ஏறுதான்னு பாருங்க.

ஒர்க்‌ஷாப் காந்திபுரம்

நாலு விரல்கடை ரொம்ப அதிகம். முதல்ல சாதாரண பேட் போடுங்க. ஆக்சிலேட்டர் மேல அலுமினியத் தகடு வச்சு உயர்த்தலாம், ஆனா அவசரப்பட வேண்டாம். பிரேக்கைப் பலமா மிதிச்ச நிலையிலயும் ஆக்சிலேட்டர் அதைவிடக் கொஞ்சம் கீழதான் இருக்கணும். சமமாவோ மேலயோ வந்துட்டா பதட்டத்துல பிரேக்கை அடிக்கும்போது ரெண்டையும் சேர்த்து மிதிச்சுடுவீங்க. நேர்ல கொண்டுவாங்க, அளந்து பண்ணலாம். ஷூவும் மெல்லிசான அடி உள்ளதா போடுங்க. மலையேற்ற பூட்ஸ் போட்டுட்டு இதைப் பழக முடியாது.

கேத்திப்பள்ளம்

ஆறு வாரம் கழிச்சு எழுதறேன்.

பேட் மாத்தியாச்சு, ஆயிலும் மாத்தியாச்சு. எடுத்த ஆயில் டீ டிகாக்ஷன் நிறத்துல இருந்துச்சு. தகடு வச்சதுல இடைவெளி ரெண்டு விரல்கடைக்கு வந்திருக்கு. சீட்டை ரெண்டு பல் முன்னாடி தள்ளினேன். குதிகாலை பிரேக்குக்கு நேர் கீழ வைக்காம கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி ஊன்றினா பாதம் தானா ரெண்டு பெடலுக்கும் நடுவுல விழுது.

தெரிஞ்சவர் ஒருத்தரோட தேயிலை ஆலைக்குப் பின்னாடி லாரி திரும்பற மைதானம் இருக்கு. கேட்டுட்டு, ஞாயித்துக்கிழமை காலையில அங்கதான் பழகினேன். முதல் ரெண்டு வாரம் வெறும் பிரேக், பாட்டில், தண்ணிக் கோடு. புது பேட்லயும் முதல் நாள் கோடு ஆடிட்டேதான் இருந்துச்சு. குதிகால் ஊன்றினது பழக்கமாகறதுக்கே பத்து நாள் ஆச்சு, கெண்டைக்கால்ல வலி. மூணாவது வாரம் நியூட்ரல்ல ரேஸ். இன்ஜின் உறுமுது, தண்ணிக் கோடு நகரல. அதைப் பார்த்தப்போ வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியல. மனைவி பின்னாடி சுவர் ஓரமா நின்னு, பிரேக் விளக்கு அணையாம எரியுதான்னு பார்த்துச் சொன்னா.

வத்தலக்குண்டு அண்ணா, ரோட்டுல வேகம் கூட்டல. போன புதன்கிழமை கோத்தகிரி வழியா மேட்டுப்பாளையம் இறங்கினேன். குஞ்சப்பனை வரைக்கும் முன்னாடி முட்டைக்கோஸ் லாரி, முந்தவே இல்ல. கியரையெல்லாம் முன்கூட்டியே போட்டுட்டதால ஹீல் அண்ட் டோ மொத்தம் மூணே தடவைதான் தேவைப்பட்டுச்சு. மூணாவது தடவை வளைவு திரும்பினா ரோட்டு நடுவுல காட்டெருமை, கன்னுக்குட்டியோட. லாரி நின்னுச்சு. பிரேக்கை விடாம மூணுல இருந்து ரெண்டுக்கு வந்தேன், பின்பக்கம் அசையவே இல்ல. பக்கத்து சீட்ல மனைவி ஃபிளாஸ்க்ல இருந்து காபி ஊத்திட்டிருந்தா, ஒரு சொட்டு சிந்தல.

சேரன் பஸ் மகள், அப்பாகிட்ட சொல்லுங்க: மேட்டுல குழி விழ ஆரம்பிச்சிருக்கு. இன்னும் கட்டைவிரல் அளவு வரல, ஒரு ரூபாய் காசு அளவு. மேட்டுப்பாளையம் வரும்போது மேட்டைக் கழட்டி எடுத்துட்டு வந்து அவர்கிட்ட காட்டலாமா? வர்ற மாசம் ரெட்லைன் அண்ணன் கூட செட்டிபாளையம் போறேன், வழியில வரலாம்.

சேரன் பஸ் மகள்

வாங்க. மேட்டைக் கழட்ட வேண்டாம், வண்டியோட வரச் சொல்றார். பக்கத்து சீட்ல உட்கார்ந்து கல்லாறு வரைக்கும் போய்ட்டு வரணுமாம்.